கடை 500 மீட்டர்தான், காடி எடுக்கலாமா?

வாசகி கேட்டது: "டாக்டர், எனக்கு வயது 54. சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். தோட்டத்து வீட்டை விட்டு வந்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கி 15 வருடம் ஆகிறது. எட்டு வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). மெட்ஃபார்மின் காலையும் இரவும், கிளிக்கலசைட் காலையில் மட்டும். போன மாதம் அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிச் சோதனையில் 8.4 விழுக்காடு வந்தது. நிறைய நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரொட்டி, முட்டை வாங்கும் கடை 500 மீட்டர், தாமானுக்கு உள்ளேயே. கோவில் 1.1 கிலோமீட்டர், செம்பனைத் தோட்டத்துப் பாதை வழியாக. பேரனின் பள்ளி 400 மீட்டர்தான், ஆனால் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். கிளினிக் 3 கிலோமீட்டர். இப்போது எல்லாவற்றுக்கும் காடிதான். நடக்கிறேன் என்றால் என் வீட்டுக்காரர், 'மாசா மாசம் காடிக்குக் கட்டுறது எதுக்கு? நீ ரோட்டுல நடந்து போனா ஊரு என்ன நெனைக்கும்?' என்கிறார். எனக்கு முழங்கால் வலியும் கொஞ்சம் உண்டு. எத்தனை மீட்டர் வரைக்கும் நடக்கலாம், எதற்கு மேல் காடி எடுக்கலாம் என்று ஒரு கணக்குச் சொல்லுங்கள்."

அக்கா, மீட்டர் கணக்கு ஒன்றைச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். ஆனால் அது சரிப்பட்டு வராது. நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்ளுங்களேன். நான்கு இடங்களில் மிகப் பக்கத்தில் இருப்பது பள்ளி, வெறும் 400 மீட்டர், அங்கேதான் நான் உங்களைக் காடியில் போகச் சொல்வேன். கோவில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே தூரம், அதற்கு நடந்து போங்கள் என்பேன். போகிற பாதை எப்படிப்பட்டது, எந்த நேரம், கையில் என்ன சுமை, மாத்திரை போட்டுச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகிறது, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் தூரத்தையே பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் அண்ணன், அதாவது உங்கள் வீட்டுக்காரர், சொன்னதைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், அங்கிருந்து மர நிரைக்கு நடந்து, 400, 500 மரம் வெட்டி, மறுபடி ஒரு சுற்று நடந்து பால் எடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்து, வீடு திரும்பும்போது மதியம் ஆகிவிடும். அம்மா மாதச் சாமான் வாங்க செம்மண் சடக்கில் டவுன் வரைக்கும் நடந்து போய் நடந்தே வருவார், பஸ் காசு மிச்சம் என்று. அவர்கள் விருப்பப்பட்டு நடக்கவில்லை, வேறு வழி இல்லாமல் நடந்தார்கள். அதனால்தான் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அப்பா முதலில் ஒரு ஹோண்டா கப் மோட்டார் வாங்கினார், என் கூடப்பிறந்த அண்ணன் வேலைக்குப் போன பிறகு பழைய புரோட்டோன் சாகா ஒன்று வந்தது. அந்த சாகா வாசலில் வந்து நின்ற அன்று நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து அம்மா சூடம் காட்டியது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து மூலைக்கடைக்குப் பேப்பர் வாங்கப் போவதென்றாலும் அப்பா மோட்டாரை எடுத்தார். நடந்து போனால் "என்ன, மோட்டார் கெட்டுப் போச்சா?" என்று கேட்பார்கள் அல்லவா, அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்காது.

58 வயதில் அவருக்கு இனிப்பு நீர் வந்தது. 66-ல் வலது கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. நடக்காததால் மட்டும் வந்தது என்று மருத்துவராக நான் சொல்ல மாட்டேன். பரம்பரை, சோறு, தே தாரேக் எல்லாம் சேர்ந்து வந்ததுதான். ஆனால் நாற்பது வருடமாக உடம்பு பார்த்துக்கொண்டிருந்த வேலை திடீரென்று நின்றுபோனதையும், தட்டில் சோறு மட்டும் அதே அளவில் இருந்ததையும் நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். அதனால் உங்கள் வீட்டு அண்ணனிடம் சண்டை போடாதீர்கள். அவருடைய பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிகிறது. "அப்போ வழியில்லாம நடந்தோம், இப்போ காடி வாசல்ல நிக்கும்போதே உடம்புக்காக நடக்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

சரி, நடையால் உங்களுக்கு என்ன ஆகும்? சாப்பிட்ட பிறகு ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் இரத்தத்தில் சர்க்கரை உச்சிக்குப் போகும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் அது மேலேயே நின்றுவிடுகிறது. ஆனால் தசை அசைந்து வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் இருக்கின்றன, நடக்கும்போது வேலை செய்வதும் அவைதான். அதனால் சாப்பிட்ட பிறகு கடைக்கு நடக்கும் எட்டு நிமிடம்கூட உங்கள் உடம்புக்கு ஒரு மருந்து மாதிரி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த விதியையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். ஜிம்முக்குப் போக நேரமில்லை, தனியாக உடற்பயிற்சிக்கு நேரமில்லை என்று சொல்கிற நம் பெண்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை, கடைக்குப் போய் வருவதே கணக்கில் சேரும். இங்கே மலேசியாவில் 2023-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருந்தது. நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். உங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டில் மாத்திரை டப்பா இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது ஒவ்வொரு இடமாக வருவோம்.

பள்ளிக்குக் காடி. நம் பேராக்கில் ஜனவரி, பிப்ரவரியில் ஏழேகால் தாண்டித்தான் சூரியனே எழும், பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னும் இருட்டுதான். அந்த இருட்டில், முதுகில் பெரிய புத்தகப் பையோடு இருக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஈப்போ, கோலகங்சார் பக்கம் ஓடும் லோரிகளுக்கு நடுவே பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டாம். பாதசாரிகளுக்கான மேம்பாலமோ, பட்டன் அழுத்தினால் வண்டிகள் நிற்கும் விளக்கோ அங்கே இருந்தால் என் பதில் மாறும், 400 மீட்டருக்கு யாரும் காடி எடுக்கத் தேவையில்லை. இல்லாவிட்டால் ஒன்று செய்யலாம். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும், பள்ளி வாசலில் வரிசையில் போய் முட்டி நிற்காமல், 200 மீட்டர் தள்ளி நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டுப் பேரனோடு நடந்து போய் விட்டு வாருங்கள். வாசலில் நெரிசலும் குறையும், பையன் நாலு வார்த்தை பேசுவான். மார்க்கெட்டில் மீன், காய்கறி வாங்குகிற வேலையையும் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பப் போகாமல் அந்த ஓட்டத்திலேயே முடித்துவிடுங்கள்.

கிளினிக் 3 கிலோமீட்டர், அதற்கும் காடிதான், யோசிக்கவே வேண்டாம். குறிப்பாக வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கப் போகும் நாளில் கொஞ்ச தூரம்கூட நடக்க வேண்டாம்.

கடைக்கு நடங்கள். ஒரு கிலோமீட்டரைச் சாதாரணமாக 12 நிமிடத்தில் நடக்கலாம், முழங்கால் வலியோடு 15, 16 நிமிடம் ஆகட்டும், உங்களுக்கு ஒரு வழி எட்டு நிமிடம். காடியில் போனால் என்ன மிச்சம்? கேட்டைத் திறந்து, காடியைப் பின்னால் எடுத்து, இறங்கி மறுபடி கேட்டைச் சாத்தி, அங்கே போய் நிறுத்த இடம் தேடி, வெயிலில் நின்ற காடிக்குள் வந்து ஏறி, எல்லாம் சேர்த்தால் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். பசியாறிய பிறகு எட்டு, எட்டரைக்குப் போங்கள், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்து ஆறு மணிக்கு மேல். 10 கிலோ அரிசிப் பை, எண்ணெய், சமையல் வாயு வாங்கும் நாளில் காடி எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முழங்கால் வலி இருப்பவர் ஒரு கையில் மட்டும் கனமாகத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நடப்பதுதான் கெடுதல். இரண்டு கையிலும் சமமாகப் பிரித்துத் தூக்குங்கள், இல்லாவிட்டால் சக்கரம் வைத்த பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும்.

கோவில் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தோட்டத்துப் பாதையில் வண்டி குறைவு, மர நிழல் உண்டு, தரை ஏறக்குறைய சமம் என்றால் 1.1 கிலோமீட்டர் உங்களால் தாராளமாக முடியும். ஆனால் போவதும் வருவதும் ஒன்றல்ல. வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம். பூஜை முடிந்து எட்டரைக்குத் திரும்பும்போது செம்பனைக்குள் கும்மிருட்டு. எலி தேடி நாகப்பாம்பு வரும் இடம் அது, நாய்களும் இருட்டில்தான் கூட்டமாக வரும். ஆகவே போகும்போது நடை, வரும்போது காடி. அண்ணன் பின்னால் காடியில் வந்து சாமி கும்பிட்டுவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டும். பகலிலும் புல்லுக்குள் புகுந்து குறுக்கு வழி போகாதீர்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். பாதையில் சிந்திக் கிடக்கும் பழத்தை மிதித்தால் வழுக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் குரைத்தால் ஓடக்கூடாது, குடையை முன்னால் பிடித்துக்கொண்டு மெதுவாக விலக வேண்டும்.

நடைபாதை இல்லாத இடத்தில் ரோட்டின் வலது ஓரமாக நடங்கள். நம் நாட்டில் வண்டிகள் இடது பக்கம் போவதால், வலது ஓரத்தில் நடந்தால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் வருவதை விட அது எவ்வளவோ மேல். கைப்பையை ரோட்டுக்கு எதிர்ப்பக்கத் தோளில் மாட்டுங்கள். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரில் வந்து பறித்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பயந்தே நடையை விட்ட பெண்கள் என் கிளினிக்குக்கு நிறையப் பேர் வருகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

அண்ணனிடம் எண்ணெய் மிச்சம் என்று மட்டும் சொல்லி வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். போக வர ஒரு கிலோமீட்டருக்கு, லிட்டர் 1.99 வெள்ளி என்ற புடி95 மானியப் பெட்ரோல் விலையில், சின்னக் காடி குடிப்பது 20, 30 காசுக்குத்தான். அவரிடம் காடியைப் பற்றிப் பேசுங்கள். என் காடியைப் பார்க்கிற பட்டறைக்காரர் எனக்கு விளக்கிச் சொன்னது இது: எஞ்சின் சூடேறாமல் ஓடும் முதல் சில நிமிடங்களில்தான் எண்ணெய் அதிகம் குடிக்கும், தேய்மானமும் அதிகம். 500 மீட்டர் ஓடி நிறுத்தினால் எஞ்சின் ஆயில் சரியாகச் சூடாவதே இல்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்து தங்கிவிடும், சைலன்சருக்குள் நிற்கும் தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும். ஸ்டார்ட் செய்ய பேட்டரி கொடுத்த சக்தியைத் திருப்பி ஏற்றவும் அந்த ஓட்டம் போதாது. அதனால்தான் மீட்டரில் கிலோமீட்டர் ஏறாமலேயே பேட்டரி சீக்கிரம் படுத்துவிடுகிறது. தவணை கட்டுகிற காடி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இது புரியும்.

இனி கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. நீங்கள் போடும் இரண்டு மாத்திரைகளில் மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிக்கலசைட் இறக்கக்கூடியது. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடக்கவே கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, கண் மங்கல், இதில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள். சோதிக்கும் கருவி இருந்தால் பாருங்கள், 4 மில்லிமோலுக்குக் கீழே என்றால் குறைந்துவிட்டது என்று அர்த்தம். கருவி இல்லாவிட்டால் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, மூன்று தேக்கரண்டி சீனி கலந்த தண்ணீரோ அரை டின் சாதாரண இனிப்பு பானமோ குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். சீனி இல்லாத டயட் பானம் உதவாது. நடக்கும்போது பையில் குளுக்கோஸ் மாத்திரையோ, சின்னப் பொட்டலத்தில் சீனியோ எப்போதும் இருக்கட்டும். காடி ஓட்டும்போது இப்படி ஆனால் நடக்கும்போது ஆவதை விட ஆபத்து, பின்சீட்டில் பேரனும் இருப்பான். அதனால் சோதித்துப் பார்த்து 5-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, சர்க்கரை ஏறிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். நடை கூடக் கூட இப்படி அடிக்கடி வர ஆரம்பித்தால் மாத்திரையைக் குறைக்கும் நேரம் வந்திருக்கலாம், ஆனால் அதைக் கிளினிக் டாக்டர் குறைக்கட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நடக்கும்போது நெஞ்சில் பாரம், இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கும் வலி வந்தால் "வாயு" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுக்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும் அதே தூரம் போனதும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் காலுக்குப் போகும் இரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம், அதையும் காட்ட வேண்டும்.

முழங்காலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, நடந்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று. சமதரையில் அளவாக நடப்பது மூட்டைத் தாங்கும் தொடைத் தசையைப் பலமாக்கும், வலி நாளாக ஆகப் பெரும்பாலும் குறையும். நடந்த பிறகு லேசாக வலித்து இரவுக்குள் அடங்கினால் பரவாயில்லை, மறுநாள் காலை வரை நீடித்தால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வீங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். சிலிப்பர் போட்டுக்கொண்டு நடக்க வேண்டாம், காலுறையோடு மூடிய காலணி. எட்டு வருட இனிப்பு நீரில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், கல் குத்தினாலும் தெரியாது. இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். என் அப்பாவின் கால்விரலில் புண் வந்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்று அவருக்கே தெரியாது. இதை எழுதும்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

வெயிலும் மழையும் நம் ஊரில் நடையை நிறுத்தும், நிறுத்தட்டும். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை நடக்க வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தாண்டினாலே வானிலைத் துறை எச்சரிக்கை விடுக்கும், அந்த நாட்களில் காலையில் மட்டும் நடங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வரும், வானம் கறுத்தால் காடியை எடுங்கள். புகைமூட்ட நாட்களில் காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும்.

கணக்குக் கேட்டீர்கள் அல்லவா, அதையும் தருகிறேன். கடைக்கு வாரம் ஐந்து நாள், போக வர 16 நிமிடம், ஆகக் கூடி 80. வெள்ளிக்கிழமை கோவிலுக்கு ஒரு வழி 17. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்கு முன்னால் தெரு விளக்கு வெளிச்சத்தில் 10 நிமிடம், ஆறு நாள், அது 60. மொத்தம் 157 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150-ஐத் தாண்டிவிட்டீர்கள். பேச முடிய வேண்டும், ஆனால் பாட மூச்சு வரக்கூடாது, அந்த வேகம் போதும். முதல் இரண்டு வாரம் இதில் பாதிதான் செய்ய வேண்டும். கடைக்கு மூன்று நாள், இரவில் மூன்று நாள். கோவில் நடையை மூன்றாவது வாரத்தில் தொடங்குங்கள்.

அடுத்த சோதனை இன்னும் இரண்டு மாதத்தில் வரும். 8.4 என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள். கோவிலுக்கு நடந்து போகும் முதல் வெள்ளிக்கிழமை அண்ணன் காடியில் பின்னால் வந்தாரா, இல்லை கூடவே நடந்தாரா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள் அக்கா.